பிரேஸ் வாங்கப் போய் வெறுங்கையோடு திரும்பிய சனிக்கிழமை

கல்லூரியில் கால்பந்து ஆடும் பிள்ளைக்கு முழங்கால் பிரேஸ் வாங்கத் தாம்பரம் பக்கம் வரப்போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். போன மாதம் ஒரு சனிக்கிழமை நானும் என் மகள் ஷாலினியும் முடிச்சூரிலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் போய் வந்த கதை இது. மொத்தமே ஒன்பது கிலோமீட்டர்தான். ஆனால் நான் போன பயணங்களிலேயே இதற்குத்தான் அதிகம் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

ஷாலினி பி.காம் இரண்டாம் ஆண்டு. கல்லூரி அணியில் தடுப்பாட்டம். ஓடி வருகிறவர்கள் பக்கவாட்டில் மோதுவதெல்லாம் இவள் காலில்தான். போன வருடம் இவளோடு ஆடிய ஒரு பெண்ணுக்கு முழங்கால் ஜவ்வு அறுந்து, ஆபரேஷன் ஆகி, அதற்குப் பிறகு மைதானத்துப் பக்கமே வரவில்லை.  அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த புதன்கிழமை பல்கலைக்கழக அணிக்கு செலக்ஷன். அதற்குள் இரண்டு பக்கமும் கீல் வைத்த பிரேஸ் வாங்கியே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

காலை 9.40-க்கு பஸ். எனக்குப் பத்து ரூபாய், அவளுக்கு இலவசம். ஐந்து கிலோமீட்டருக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆனது. முடிச்சூர் ரோட்டைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது. மேற்குத் தாம்பரத்தில் இறங்கி, ரயில் நிலைய நடைமேம்பாலம் ஏறிக் கிழக்குப் பக்கம் போனோம். ஷாலினி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். "போனை உள்ள வச்சுட்டுப் படியைப் பாரு" என்று கத்தினேன். போன் பைக்குள்தான் இருந்தது.

அங்கிருந்து ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய். அவள் ஏறும்போது டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"பாத்து ஏறும்மா. கால்ல இன்னா, அடி பட்டுகீதா?"

"இல்லண்ணா, மரத்துப்போச்சு."

நானும் தலையாட்டினேன். ஆட்டோக்காரருக்குத் தெரிந்தது அப்பனுக்குத் தெரியவில்லை.

கடை, ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பிலிருந்து ஐந்து நிமிட நடை. செயற்கைக் கால், இடுப்பு பெல்ட், பிரேஸ் எல்லாம் அளவெடுத்துக் கொடுக்கும் சின்ன இடம். நடத்துகிறவர் பர்வீன் மேடம், முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். நான் வீட்டிலேயே அளந்து எழுதி வந்த சீட்டைப் பெருமையாக நீட்டினேன். முழங்கால் சில்லின் மேலேயே டேப்பைச் சுற்றி அளந்திருந்தேன்.

"இந்த அளவுல வாங்கியிருந்தா ரெண்டாவது நிமிஷமே கணுக்காலுக்கு இறங்கியிருக்கும் சார்" என்று சிரித்தார். முழங்காலுக்கு ஒரு சாண் மேலே, தொடையில் அளக்க வேண்டுமாம். ஒரு காலுக்குத்தான் வாங்கப்போகிறோம் என்றாலும் இரண்டையும் அளப்பது அவர் வழக்கம். வலது, இடது, மறுபடியும் வலது, மறுபடியும் இடது. இடது தொடை இரண்டு சென்டிமீட்டர் குறைவு.

"ஷாலினி, இடது கால்ல எப்போ அடி பட்டுச்சு?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம்" என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். ஐந்து வாரம் முன்னால் பயிற்சியில் ஒரு பெண் மோதியிருக்கிறாள். மூன்று நாள் வீக்கம். அதன் பிறகு பேண்டுக்குள் கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு ஆடியிருக்கிறாள்.

"வலிக்கிற காலை நமக்கே தெரியாம கம்மியா யூஸ் பண்ணுவோம் சார். தசை இளைச்சுடும்" என்றார் மேடம்.

"பிரேஸ் போட்டா புதன்கிழமை ஆடலாமாக்கா?"

"நான் வித்தா நீ இதை நம்பி ஓடுவ. உள்ள ஜவ்வு கிழிஞ்சிருந்தா இது தாங்காதும்மா. முதல்ல டாக்டரைப் பாரு."

விலை 3,800 ரூபாய். கையில் பணத்தோடு நின்றவனிடம் விற்காமல் பெட்டியை அலமாரியில் திரும்ப வைத்துவிட்டார். அளவெடுத்ததற்கும் காசு வாங்கவில்லை.

சிட்லபாக்கத்தில் ஒரு எலும்பு டாக்டரிடம் அனுப்பினார். ஆட்டோ நூறு, ஃபீஸ் ஐநூறு. திங்கட்கிழமை எடுத்த ஸ்கேன் ஆறாயிரம். ஜவ்வு பாதி கிழிந்திருந்தது. ஆபரேஷன் வேண்டாம், மூன்று மாதம் உடற்பயிற்சி போதும் என்றார் டாக்டர். புதன்கிழமை ஆடியிருந்தால் மிச்சமும் போயிருக்குமாம். செலக்ஷன் போனது. முழங்கால் பிழைத்தது.

மறுவாரம் பர்வீன் மேடத்துக்கு நன்றி சொல்லப் போனேன். "காலு தேறட்டும் சார், அப்போ நானே விக்கிறேன்" என்றார். அந்தக் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். போன் செய்துவிட்டுப் போங்கள், ஞாயிறு கடை கிடையாது. அரைக்கால் டிரவுசர் எடுத்துப் போங்கள், இல்லையென்றால் தொடையில் அளக்க முடியாது. ஒரு காலை மட்டும் அளந்தால் இன்னொன்றையும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். பக்கவாட்டு மோதலில் பிரேஸ் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். தொடைக்கான பயிற்சியை விட்டுவிடக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. அன்று திரும்பி வரும் பஸ்ஸில், "ஏன்டி என்கிட்ட சொல்லல?" என்று எரிந்து விழுந்தேன். "கால்ல அடிபட்டா அன்னியோட ஃபுட்பாலுக்கு முழுக்குன்னு நீங்கதானேப்பா சொன்னீங்க" என்றாள்.  உங்கள் வீட்டிலும் அப்படி ஏதாவது சொல்லி வைத்திருந்தால், கிளம்புவதற்கு முன் பிள்ளையை உட்காரவைத்து அதை வாபஸ் வாங்கிவிடுங்கள். நான் ஐந்து வாரம் தாமதமாக வாங்கினேன்.