தம்பி கறுக்க நின்ற வெயில்

எங்கள் வீட்டில் வெயில் ஒன்றுதான், சட்டம் இரண்டு. என்னைக் கண்டால் அம்மா, "வெயிலுக்கை நிக்காதை, கறுத்துப்போவாய்" என்று இருந்த இடத்திலிருந்தே சத்தம் போடுவார். தம்பியென்றால் ஓடிவந்து தூக்கிக்கொண்டு போவார். தோலிலும் முடியிலும் நிறமே இல்லாமல் பிறந்தவன் அவன். அவனுக்கு நீளக்கைச் சட்டை, தொப்பி, கனடாவிலிருந்து பெரியப்பா அனுப்பும் வெயில் கிறீம். எனக்கு ஒன்பது வயது, அவனுக்கு ஆறு. அந்தக் கிறீம்தான் அவனை வெள்ளையாக வைத்திருக்கிறது என்று நம்பிப் பொறாமையில் வெந்துகொண்டிருந்தேன். வெயில் என்னைக் கறுக்க வைக்கும், அவனைச் சுட்டுவிடும் என்ற வித்தியாசத்தை எங்கள் இருவருக்கும் யாரும் விளங்கப்படுத்தவில்லை.

பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது யாராவது தம்பியைப் பார்ப்பார்கள், பிறகு வயல் வேலையில் கறுத்துப்போன அப்பாவைப் பார்ப்பார்கள். "ஆற்றை பிள்ளை இது, ஆருக்குப் பிறந்தது?" என்று சிரித்தபடி கேட்பார்கள். அப்பாவும் சிரிப்பார். பகிடி என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

சிறுபோக அறுவடை நாளொன்றில் அப்பாவும் அம்மாவும் வயலுக்குப் போயிருந்தார்கள். நான் அலுமாரியைத் திறந்து கிறீமை எடுத்தேன். தம்பி கண்டுவிட்டான். கத்தி ஊரைக் கூட்டப்போகிறான் என்று பயந்தேன். அவனோ, "நீ பூசு அக்கா. நான் வெயிலிலை நிக்கிறன்" என்றான்.

எனக்கு அது நல்ல பேரமாகவே பட்டது. முகம், கழுத்து, கை என்று முழுவதையும் பிதுக்கிப் பூசி முடித்தேன். அவன் சட்டையையும் தொப்பியையும் கழற்றிவிட்டு முற்றத்தின் நடுவில் போய் நின்றான். கண் கூசியதால் இறுக்கி மூடிக்கொண்டான். இடையில் இரண்டு தரம், "கறுத்திட்டனோ?" என்று கேட்டான். இன்னும் இல்லை என்றேன்.

மத்தியானம் அவர்கள் சாப்பிட வந்தபோது அவன் முதுகு முழுக்கச் சிவந்து, தோளில் கொப்புளங்கள் எழும்பியிருந்தன. ஈரத்துணியால் அவனைச் சுற்றி அம்மா மடியில் வைத்துக்கொள்ள, அப்பா மோட்டார் சைக்கிளை ஓட்டினார். முன்னால் பெற்றோல் தாங்கியில் நான் இருந்தேன். அவன் வழியெல்லாம் முனகிக்கொண்டு வந்தான்.

ஆஸ்பத்திரியில் மருந்து பூசிய தாதி, "ஏன் ராசா வெயிலுக்கை நிண்டனீங்கள்?" என்று கேட்டார்.

"கறுத்தா என்னை அப்பான்ரை பிள்ளை எண்டு சொல்லுவினம்தானே" என்றான் தம்பி.

அம்மா தலை குனிந்துகொண்டார். அப்பா எழும்பி வெளியே போனார். யன்னலால் எட்டிப் பார்த்தேன். மதிலைப் பிடித்தபடி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தோள்கள் குலுங்கின. கிறீமை நான் முடித்துவிட்ட கோபம்தான் அது என்று நினைத்து, ஓடிப்போய் அம்மா இருந்த கதிரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.