நாலு விரல் கண்ணாடி

மெஷின் ஏஜென்சிக்காரரை நினைத்தால் முகத்துக்கு முன்னால் அவருடைய கார் கண்ணாடிதான் நினைவுக்கு வரும். என் ஒர்க்‌ஷாப் வாசலில் ஹாரன் அடிப்பார், இறங்க மாட்டார். ஏ.சி. வீணாகுமென்று கண்ணாடியை நாலு விரல் அளவே இறக்குவார். அந்தச் சந்தில் மூக்கு மட்டும் தெரியும். அதுவே எனக்கு அதிகம் என்று அவருக்கு நினைப்பு. லேத் மெஷினை விற்றபோது ஒப்பந்தத்தையும் அதன் வழியேதான் நீட்டினார். "படிச்சுப் பார்க்கறீங்களா தம்பி?" என்று சிரித்தார். இங்கிலீஷ் தாள்; நான் பத்தாவதில் தவறியவன். பானெட்டின் மேல் வைத்து ரோஷமாகக் கையெழுத்துப் போட்டேன்.

வந்த மாதமே மெஷின் தள்ளாடியது. பம்புக்குக் கடைந்த ஷாஃப்டெல்லாம் கோணல். ஆர்டர் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். மாற்றித் தரக் கேட்டால் சந்து பேசியது: "தகராறுன்னா டெல்லியில நடுவர்கிட்டத்தானுங்க போகோணும். நீங்க கையெழுத்துப் போட்ட ஷரத்து. ஸ்வெட்டர் எடுத்துக்குங்க, அங்க குளிரும்."

அவர் ஆபீஸ் காந்திபுரத்தில். என் ஷெட்டிலிருந்து ஒரு டவுன் பஸ் தூரம். சண்டை போட மட்டும் டெல்லி. ஷெட்டைப் பூட்டிவிட்டு நான் அங்கே அலைய முடியாதென்று தெரிந்தே எழுதிய ஷரத்து அது.

கோவைக் கோர்ட்டிலேயே வழக்குப் போட்டேன். என் வக்கீலம்மா சொன்னார்: "மொதல் பதில் போடறப்பவே அவரு டெல்லி ஷரத்தைக் கேக்கோணுங்க. வழக்குக்குப் பதில் சொல்லிப்போட்டு அப்புறம் கேட்டா செல்லாது, கேஸ் இங்கயேதான் நடக்கும்."

கிண்டலைத் தவிர நான் எதையும் ஒழுங்காகக் கற்றதில்லை. அடுத்த முகூர்த்தத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் அவருக்கு எதிர் இலையில் உட்கார்ந்தேன்.

"ஏனுங்க, டெல்லிக்கு ஓட டிக்கெட் போட்டாச்சுங்களா? உள்ளூர்ல நிக்கக் காலு நடுங்குதாமா?"

பந்தியே சிரித்தது. ரசச் சோற்றில் அவர் கை நின்றது. "நானா ஓடறேன்? இந்தக் கோர்ட்டுலயே உன்னைய நாறடிக்கறேன், பாரு."

அவர் பேச்சில் 'ங்க' இல்லாமல் கேட்டது அன்றுதான். சொன்னபடியே தன் வக்கீலை முடுக்கி, மெஷினில் குறையில்லை, ஓட்டத் தெரியாதவன் கெடுத்தான் என்று பக்கம் பக்கமாகப் பதில் தாக்கல் செய்தார். டெல்லி பற்றி ஒரு வரியும் இல்லை. ஆத்திரம் ஆறியபின் ஞாபகம் வந்து தனி மனுப் போட்டார். காலம் கடந்துவிட்டதென்று நீதிபதி தள்ளினார்.

வழக்கு இன்னும் முடியவில்லை. போன வாரம் கோர்ட் நியமித்த இன்ஜினியர் மெஷினைச் சோதிக்க ஷெட்டுக்கு வந்தார். எதிர்த்தரப்பும் கூட நிற்க வேண்டும். ஹாரன் கேட்டது. கண்ணாடி நாலு விரல் இறங்கியது.

"மெஷினு அந்தச் சந்துல நுழையாதுங்க. எறங்கித்தான் ஆகோணும்," என்றேன்.

கார்க் கதவு மெல்லத் திறந்தது.

"ஸ்வெட்டர் வேண்டாமுங்க. உள்ள வெக்கைதான்."