புங்குஸ் என்று தேடினால்

“மழயா, வெயிலா?” என்று கேட்கிறார் ஜெரால்டின். எதிரே உட்கார்ந்திருப்பவர் திருதிருவென்று விழிக்கிறார். கணினியிலிருந்து காணாமல் போன ஓர் ஒப்பந்தத்தைத் தேடி வந்தவரிடம் வானிலை கேட்டால் வேறென்ன செய்வார்? “இல்லண்ணே, அந்த ஃபைல கடைசியா தொறந்தீங்கல்ல, அன்னிக்கு மழயா வெயிலான்னு கேக்குறேன்.” அவர் யோசித்து, மழைதான் என்கிறார். கார் கண்ணாடியை ஏற்ற மறந்து சீட்டெல்லாம் நனைந்துபோனதாம். அன்று மகளுக்குப் பள்ளி விடுமுறையாம். ஜெரால்டின் தலையாட்டுகிறார். கைகள் இரண்டும் மடியில் கிடக்கின்றன. கேட்க வேண்டியதைக் கேட்டு முடிக்கும்வரை அவர் கீபோர்டைத் தொடுவதில்லை.

சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், தெப்ராவில் ஒரு டயர் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருக்கிறது அவருடைய சின்ன அலுவலகம். அக்கம்பக்கத்துக் கிளினிக்குகள், சாப்பாட்டுக் கடைகள், டியூஷன் நிலையங்கள் இவற்றின் கணினியிலும் போனிலும் உள்ளதெல்லாம் நாள்தோறும் நகலாகி இங்கே வந்து சேர்கிறது. ஏதாவது தொலைந்தால் அதன் சொந்தக்காரர் மூச்சிரைக்கப் படியேறி வருகிறார். வந்ததும் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்: “எல்லாத்தயும் திருப்பிப் போட்டுடுங்க.” அதைக் கேட்டால் ஜெரால்டினுக்குப் பற்றிக்கொண்டு வரும். “போன மாசத்த அப்படியே தூக்கி இந்த மாசத்து மேல வெச்சா இந்த மாசம் என்னாவும்? நசுங்கிடும்லா. எது வேணுமோ அத மட்டும் சொல்லுங்க, அத மட்டும் எடுப்போம்.” இந்த வசவை நானும் வாங்கியிருக்கிறேன். பாதி எழுதிய கட்டுரை ஒன்றை அழித்துவிட்டு அவரிடம் போய் நின்ற நாளிலிருந்துதான் எங்களுக்குப் பழக்கம். இப்போது எதுவும் தொலையாவிட்டாலும் போகிறேன்.

ஒன்றை மட்டும் எடுப்பது சொல்வதைப் போல எளிதல்ல. அதன் பெயர் தெரிய வேண்டும். இல்லையென்றால் நாள், வகை, அளவு, உள்ளே இருக்கும் ஒரு சொல், ஏதாவது ஒரு துப்பு வேண்டும். நம் ஆட்களுக்கு ஃபைலின் பெயர் நினைவிருக்காது. இருந்தாலும் எந்த எழுத்தில் அடித்தோம் என்பது நினைவிருக்காது. ஜெரால்டின் யோங் பெங் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். அவருடைய அப்பா சந்தனசாமியின் பெயர் அடையாள அட்டையில் ஒரு மாதிரியும், கோயில் ஞானஸ்நானப் பதிவில் வேறு மாதிரியும், லாரி லைசென்சில் மூன்றாவது மாதிரியும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்ததாம். “ஒரே ஆளுக்கு மூணு பேரு. எங்கப்பா செத்துட்டாருன்னு நிரூபிக்கவே மூணு தடவ அலஞ்சோம்” என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அதனால்தான் யாராவது பெயர் சொல்லித் தேடச் சொன்னால் முதலில், “டைப் பண்ணது தமிழாளா, மலாய்க்காரங்களா, சீனவங்களா?” என்று விசாரிக்கிறார். யார் காதில் அந்தப் பெயர் எப்படி விழுந்திருக்கும் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்து, சந்தேகமான எழுத்துக்குப் பதில், எதுவாகவும் இருக்கலாம் என்று ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டுத் தேடுகிறார்.

பல ஆண்டுகள் சிங்கப்பூருக்குப் போய்வந்து ஒரு பெரிய நிறுவனத்தில் இதே வேலையைப் பார்த்தவர். பாலத்து நெரிசலில் பைக்கில் போனது போதும் என்று இங்கே கடை போட்டார். மேசையில் எப்போதும் அரிந்த கொய்யா, தொட்டுக்கொள்ளப் புளிப்புப் பொடி. கணினித் திரையின் மூலையில் புனித அந்தோணியாரின் சிறிய படம். தொலைந்ததைத் தேடித் தருபவர் அவர்தானே! “வேல பூரா அவருது. பில் மட்டும் என்னுது” என்பார். சீன வாடிக்கையாளர் ஒருவர் அந்தப் படத்துக்கு ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுப் போனதை நானே பார்த்தேன். ஜெரால்டின் அதை உரித்து எனக்கும் பாதி கொடுத்தார்.

நான் அங்கிருந்த ஒரு நாள் படியேறி வந்தவள் ஷாஸியா. தெரு முனையில் இருக்கும் சாப்பாட்டுக் கடை அக்பரின் மனைவி. அக்பர் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடிக் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். மகள் ஆப்ரினுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. காது கேட்கிறது, கூப்பிட்டால் திரும்புகிறாள், பேச்சுதான் இல்லை.

“ஒரே ஒரு தடவ பேசுனாக்கா” என்றாள் ஷாஸியா. “வெளயாட்டுச் சாமான்ல கப்பு ஒண்ணு வெச்சிருந்தா. அத எங்கிட்ட நீட்டி புங்குஸ்னா. திரும்பத் திரும்பச் சொன்னா. கடப் போன்ல ரெக்காட் பண்ணேன். அதுக்கப்புறம் இன்னி வரைக்கும் வாயத் தொறக்கல.”

கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வளர்கிற பிள்ளைக்கு அம்மா, அப்பாவுக்கு முன்னால் புங்குஸ் வந்ததில் ஆச்சரியமில்லை. கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் இங்கேயே சாப்பிடுகிறீர்களா, பார்சலா என்பதை ‘மக்கான்? புங்குஸ்?’ என்றுதானே கேட்கிறார்கள். நாள் முழுக்க அவள் காதில் விழும் சொல் அது. பூரித்துப்போன ஷாஸியா அந்தப் பதிவுக்கும் புங்குஸ் என்றே பெயர் வைத்துவிட்டாள். வினை அங்கேதான் வந்தது. போனில் வரும் பார்சல் ஆர்டர்களையெல்லாம் பதிவு செய்துவைப்பது அக்பரின் வழக்கம். அவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான், புங்குஸ். ஒரே பெயர் திரும்ப வந்தால் போனே பின்னால் ஓர் எண்ணைச் சேர்த்துவிடும்; ஷாஸியாவின் பதிவுக்கும் அப்படித்தான். போனில் இடம் தீர்ந்ததும் அக்பர் எல்லாப் புங்குஸையும் ஒன்றாக அழித்துவிட்டார்.

“வர்ற திங்கக்கிழம பெரிய டாக்டரப் பாக்குறோம். பிள்ள எப்பவாவது பேசியிருக்கான்னு போன தடவ கேட்டாரு. நான் ஆமான்னேன். இவங்க இல்லன்னாங்க. ஆசையில எனக்குக் காதுல கேட்டிருக்குமாம்.” ஷாஸியா கதவுப் பக்கம் பார்க்கவில்லை. “மாமியாவும் அதத்தான் சொல்றாங்க. எனக்கே இப்ப சந்தேகமா இருக்குக்கா.”

அவள் குரல் உடைந்தது. ஜெரால்டின் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. “பழச அழிச்சிட்டுத்தான் புதுசு உக்காரும். ரொம்ப நாளாயிருந்தா இங்கயும் இருக்காது. இருந்தா எடுத்துத் தர்றேன், இல்லன்னா இல்லன்னு சொல்லிடுவேன். சரியா?” ஷாஸியா தலையசைத்தாள்.

பெயரைப் போட்டுத் தேடியதில் திரை நிரம்பி வழிந்தது. உருட்ட உருட்டப் புங்குஸ். ஊரே அக்பர் கடையில்தான் பார்சல் வாங்குகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஜெரால்டின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு விசாரணையைத் தொடங்கினார்.

“பெருநாளுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“பின்னாடிதான். பெருநாள் சட்ட போட்டிருந்தா.”

“அலமாக், அத ஒரு மாசம் போடுவீங்களே! செரி, அந்த ஒரு மாசம்னு வெச்சுக்குவோம். கடையில யாரெல்லாம் இருந்தாங்க?”

“நானும் அவளுந்தான்.”

“கூட்டம் இல்லயா?”

“இல்லக்கா. அமைதியா இருந்துச்சு. மேச மேல நாற்காலியக் கவுத்து வெச்சிருந்துச்சு. ஷட்டர் பாதி எறக்கி…” ஷாஸியா நிறுத்தினாள்.

“பாதி ஷட்டரா? ஏன்மா?”

“இவங்களும் கடப் பசங்களும் ஜும்ஆவுக்குப் போயிருந்தாங்க.”

ஜெரால்டினின் நாற்காலி விர்ரென்று கீபோர்டுப் பக்கம் திரும்பியது. “தொழுக நேரத்துல கட மூடியிருக்கும். மூடுன கடையில யாரு புங்குஸ் ஆர்டர் எடுப்பா?” அந்த ஒரு மாதத்து வெள்ளிக்கிழமைகள் மட்டும், மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை மட்டும் என்று அடித்தார். வழிந்துகொண்டிருந்த திரை காலியாகி, மேலே மூன்றே மூன்று வரிகள் நின்றன.

ஹெட்போனை ஷாஸியாவின் தலையில் மாட்டி, முதல் வரியை அழுத்தினார். ஷாஸியாவின் முகம் கடுத்தது. “இது நம்ம கடையில வேல பாக்குற நவ்சாத்! மீ கோரேங் ரெண்டு புங்குஸுங்கிறான். ஜும்ஆவுக்குப் போறேன்னு சொல்லிட்டு இங்கதான் இருந்திருக்கான், களவாணிப் பய.” ஜெரால்டினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். இரண்டாவதில் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டுமே இருந்ததாம்.

மூன்றாவதை அழுத்தினார். ஷாஸியா அசையவில்லை. பிறகு இரண்டு கைகளாலும் ஹெட்போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து நீர் இறங்கித் துப்பட்டாவில் விழுந்தது. “இதாங்க்கா” என்றாள். “இதான். நான் பொய் சொல்லல.”

கதவுக்கு வெளியே அக்பர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். ஆப்ரின் அவர் தோளில் தாடையை வைத்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெரால்டின் எழுந்து போய்க் கண்ணாடிக் கதவை அகலத் திறந்து, அது மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்தார். திரும்பி வந்து ஹெட்போன் வயரை வெடுக்கென்று பிடுங்கினார். சத்தத்தை முழுக்கக் கூட்டி, மறுபடியும் மூன்றாவது வரியை அழுத்தினார்.