கிளட்ச் டியூபின் நீளம்

எங்கள் கார் தரையை ஒட்டி ஓடும் பழைய டர்போ வண்டி. ஆசைப்பட்டு வாங்கியவன் நான். ஓட்டுவதில் கெட்டிக்காரி என் மனைவி. கிளட்ச் எண்ணெயில் காற்று புகுந்தால் மிதி செத்துப்போகும். காற்றை வெளியே விடும் திருகோ கியர்பாக்ஸின் அடியில், கை நுழையாத இடத்தில் இருந்தது. ஒவ்வொரு தடவையும் பெரம்பலூர் மெக்கானிக்கிடம் போய்க் காத்துக்கிடக்க வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஒரு டியூப் போட்டு அந்தத் திருகை மேலே கொண்டுவந்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

டியூப் இரண்டு அளவில் கிடைத்தது. குட்டையானது பேட்டரிக்கு அடியிலேயே நின்றுவிடும். நீளமானது பானெட்டைத் திறந்ததும் கைக்கு வரும்.

"நீளமானது கொதிக்கிற டர்போவ ஒட்டித்தான் போவும் சார். ஓடாம நின்னா சூடு புடிச்சுக்கும். குட்டையே போதும்" என்றார் மெக்கானிக்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. நீளமானதையே போடச் சொன்னேன்.

"மெக்கானிக் என்னங்க சொன்னாரு?" என்று வீட்டில் மனைவி கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல" என்றேன்.

அந்த வாரமே உடையார்பாளையத்தில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டுத் திரும்பினோம். அவள்தான் ஓட்டினாள். வழியில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் கேட் திறப்பதற்குள் எதிரே வருகிறவர்களின் பாதை வரை வண்டிகள் முண்டியடித்து ஏறி நிற்கும். கியரை எடுத்தால் நம் இடம் போச்சு. எல்லோரையும் போல அவளும் முதல் கியரைப் போட்டு, கிளட்சை மிதித்தபடி இருந்தாள். முன்னால் சுண்ணாம்புக்கல் லாரி. ரயில் வருகிற வழியாக இல்லை.

எண்ணெய் கருகும் வாடை வந்தது. டியூப் உருகி எண்ணெய் ஒழுகுகிறது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. சொன்னால் பொய் வெளியே வரும். இன்னும் ஐந்து நிமிஷம் தாங்காதா என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, மிதிச்சுட்டுத்தான் இருக்கேன், வண்டி இழுக்குது!"

கார் லாரியை நோக்கிப் பாய்ந்தது. அவள் பிரேக்கை மிதித்தாள். வண்டி லாரிக்கு அடியில் மூக்கை நுழைத்து, குலுங்கி அணைந்தது. லாரியின் பின்பக்க இரும்பு அவள் முகத்துக்கு நேரே, கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

அவளே மெக்கானிக்குக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து நடந்ததைச் சொன்னாள்.

"டியூபு உருகிடுச்சாம்மா? சூடு புடிக்கும்னு சாருகிட்ட அன்னிக்கே சொன்னேனே. அவருதான் கேக்கல."

போனை வைத்தாள். கேட் திறந்துவிட்டது. பின்னால் ஹாரன்கள் அலறின. அவள் நகரவில்லை.

"வண்டிதான் கெட்டுப்போச்சுன்னு இவ்ளோ நேரம் நெனச்சுட்டு இருந்தேங்க" என்றாள்.