கைதியாகப் பதவி உயர்வு

ஜனவரி பிறந்துவிட்டால் அந்தமானின் ரங்கத் சந்தையில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஜெயிலர் சாப், டமாட்டர் லே லோ" என்று காய்கறிக்காரர் தக்காளியை நீட்டுவார். நான் பொதுப்பணி அலுவலக எழுத்தர். வீட்டில் கரப்பான்பூச்சியைக்கூட மனைவிதான் அடிக்க வேண்டும். ஊருக்கு வெளியே வெள்ளைக்காரன் காலத்துக் கைதி முகாம் ஒன்று கூரையில்லாமல் நிற்கிறது. வருடாவருடம் அங்கே நடக்கும் குளிர்கால மேளா நாடகத்தில், பூட்ஸும் சாட்டையுமாக நான்தான் ஜெயிலர்.

விருதுநகர்ப் பக்கம் எங்கள் ஊர்ப் பொங்கல் நாடகத்தில் ராஜா வேஷத்துக்குத்தான் அடிதடி. இங்கே கைதி வேஷத்துக்கு; இந்த மண்ணில் கைதி என்றால் தியாகி. தீவிலேயே பிறந்தவர்கள் சாட்டையைத் தொட மாட்டார்கள். அது மெயின்லேண்டிலிருந்து வந்தவன் தலையில்தான் விழும். நான் வந்த வருடமே என் தொப்பையையும் ஆங்கிலத்தையும் பார்த்து பூட்ஸைக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து மேளா முடியாமல் ஊருக்குப் போனதில்லை.

இந்த வருடம் போயே ஆக வேண்டியிருந்தது. தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி வேண்டும், தங்கைக்கு உடன்பிறந்தவன் நான் ஒருத்தன்தான். "இந்தத் தடவயும் வரலேன்னா, இனிமே நீ எனக்கு அண்ணனே இல்ல" என்று சொல்லிவிட்டாள். மாற்று ஜெயிலர் கிடைத்தால் லீவு என்றார் அலுவலக அதிகாரி. கிடைத்தார்: திருநெல்வேலியிலிருந்து புதிதாக வந்திருந்த இன்ஜினியர் செல்வம். "அடிக்கிற மாதிரி நடிச்சா போதும்லா சார்?" என்று கேட்டு ஒத்துக்கொண்டார். கப்பல் டிக்கெட்டும் எடுத்துவிட்டேன்.

அதிகாரியோடு செல்வத்தையும் அழைத்துக்கொண்டு மேளா கமிட்டித் தலைவர் மண்டல் பாபுவிடம் போனேன். வங்காளிக் குடியேறிகளில் மூத்தவர். செல்வத்தின் கையில் சாட்டையைக் கொடுத்துவிட்டு என் தோளில் கைபோட்டார். "பஹுத் சால் ஹோ கயா. அப் ஆப் ஹமாரா ஆத்மி. இஸ் பார் பஹலா கைதி ஆப்." இத்தனை வருடத்தில் நான் அவர்கள் ஆளாகிவிட்டேனாம், இந்த முறை முதல் கைதி நானாம். சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள். மெயின்லேண்ட்காரனுக்கு அதுவரை யாரும் அந்த வேஷத்தைக் கொடுத்ததில்லை. கொடுத்ததை மறுத்தவனும் இல்லை. இருந்தாலும் காதுகுத்து, மாமன், மடி என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் விளக்கினேன். அவர் முகம் கவலையானது. "பச்சே கா கான்? உதர் டாக்டர் நஹீ ஹை க்யா?" பிள்ளைக்குக் காதில் கோளாறென்றால் அங்கே டாக்டர் இல்லையா என்கிறார்.

பக்கத்திலிருந்த அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இவ்ளோ பெரிய மரியாதை. லீவு அடுத்த மாசம் பாத்துக்கலாம்." ஜெயிலருக்குக் கிடைக்கவிருந்த லீவு கைதிக்குக் கிடைக்கவில்லை. இதில் நியாயம் இல்லை என்றும் சொல்ல முடியாது.

மேளா அன்று காலை, என் கைகளை நிஜச் சங்கிலியால் சேர்த்துக் கட்டி, அதை முகாம் சுவர் வளையத்தில் மாட்டி உட்கார வைத்திருந்தார்கள். ஃபோனில் வீடியோ கால் வந்தது. செல்வம்தான் என் பையிலிருந்து எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார். தங்கை கணவரின் பெரியப்பா மகன், எனக்குச் சரியாகப் பெயர்கூடத் தெரியாதவர், மடியில் பிள்ளையை வைத்திருந்தார். தங்கை எட்டிப் பார்த்தாள். சங்கிலியைப் பார்த்தவள் திட்ட மறந்து, "ஏண்ணே, சாப்பிட்டியா?" என்றாள்.

ஆசாரி ஊசியை எடுத்தார். பிள்ளை வீறிட்டது. என் கைகள் தானாக எழுந்து, சங்கிலி விட்ட தூரம் வரை போய் நின்றன. பார்க்க வந்திருந்த கூட்டம் எழுந்து கைதட்டியது. மண்டல் பாபு கண்ணைத் துடைத்துக்கொண்டார். செல்வம் ஒரு கையில் சாட்டையும் மறு கையில் என் தங்கை வீடுமாக, எதைக் கீழே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.