டீவியில் வந்த இரைச்சல்

மகளின் பள்ளிக்கூடத்தில் விலையுயர்ந்த ஸ்மார்ட் போர்டைத் திறந்துவைத்தார்கள். படம் வரவில்லை, இரைச்சல் மட்டும் வந்தது. அந்த இரைச்சலை எனக்குத் தெரியும்.

எண்பதுகளில், இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் சாய்ந்தமருது வகுப்பறைக்கும் டீவி வந்தது. கூரை ஒழுகுகிறது, திருத்துங்கள் என்று மீனவர்கள் ஒருநாள் பிடித்த மீன் முழுவதையும் விற்றுக் கொடுத்த காசில் பள்ளி அதிபர் வாங்கியது. கொழும்பு ஒளிபரப்பு எங்கள் கரைக்குச் சரியாக எட்டவில்லை. "படம் வரும், பாருங்க" என்பார் பாடம் நடத்தும் சேர். வெள்ளைப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருப்போம். மழை தலையில் சொட்டும்.

காசு கொடுத்தவர்களில் ஒருவர், வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் றஹீமாவின் வாப்பா, அந்த மாரிக்காலத்தில் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. ஒருநாள் அவள் எழுந்துபோய்த் திரையில் காதை வைத்தாள்.

"சேர், வாப்பா கதைக்கார்."

"என்ன புள்ள சொல்றார்?"

"கூரையப் போடட்டாம்."

சேர் டீவியை நிறுத்தினார். இரைச்சல் நிற்கவில்லை.

மகளின் வகுப்பில் எல்லோரும் திரையையே பார்த்தார்கள். நான் மட்டும் கூரையைப் பார்த்தேன்.