கவிழ்ந்தும் ஓடுகிற ஒன்று

சண்டை போடும் அந்த ரோபோவை நானும் தம்பியும் திரேஸ்புரத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் கட்டினோம். நான் தொழிற்பயிற்சிப் பள்ளியில் வயரிங் சொல்லிக்கொடுக்கிறவள். அவன் ஃபைபர் வள்ளங்களுக்கு ஓட்டை அடைக்கிறவன். அதற்கு முன் கடலுக்குப் போனவன். அவனும் என் வீட்டுக்காரரும் போன வள்ளம் ஒரு காற்றில் கவிழ்ந்தது. கவிழ்ந்த வள்ளத்தின் முதுகைப் பிடித்துக் கிடந்து அவன் கரை வந்தான். அவர் வரவில்லை.

அதன் பிறகு அவன் கடலுக்குப் போகவில்லை. நான் அழவில்லை. வெயில் வந்தது, போனது. உப்பு வாங்கினேன், உலை வைத்தேன்.

முதல் போட்டி ஒரு கல்லூரியில், கம்பிக்கூண்டுக்குள். எதிர் ரோபோ எங்களுடையதை அடியில் குத்தித் தூக்கிப் புரட்டியது. சக்கரங்கள் வானம் பார்த்துச் சுற்றின. "அண்ணாச்சி, ஆமை மல்லாந்துட்டு!" என்று ஒரு மாணவன் கத்தினான். தம்பி ரிமோட்டை விட்டுவிட்டான். கை அந்தரத்தில் நின்றது. வள்ளம் கவிழ்ந்ததிலிருந்து சோற்றுத் தட்டின் மேலும் அந்தக் கை அப்படித்தான் நிற்கும்.

வீட்டில் கழற்றிப் பார்த்தேன். வலையின் ஈயக்குண்டுகளை உருக்கி அடித்தகடாக ஊற்றியிருந்தான், கவிழாமல் இருக்க. வள்ளக்காரன் புத்தி. அனுமதித்த எடையில் பாதியை ஈயம் தின்றிருந்தது.

"இத எடுத்துருவோம்லே. அந்த எடைக்குப் பெரிய சக்கரம் போடுவோம். மேலயும் கீழயும் ஒடம்பத் தாண்டி நிக்கணும். எப்படி விழுந்தாலும் ஓடும்."

"கவுறதுக்குன்னே ஒண்ணக் கட்டச் சொல்லுதியாக்கா?"

"கவுறத நிறுத்த முடியாதுலே. அடுத்த தடவ நீ ரிமோட்ட விடாம இருக்கணும், அவ்வளவுதான்."

"நீ பானையவே கவுக்க மாட்டுக்க. என்னைய மட்டும் சொல்லு."

ஆள் கடலில் இருக்கையில் எங்கள் வீடுகளில் கழுவிய பானையைக் கவிழ்த்து வைப்பதில்லை. என் அடுக்களையில் பானைகள் இன்னும் நிமிர்ந்தே இருந்தன. ஈயத்தின் திருகாணிகளைக் கழற்றினேன். கொஞ்ச நேரம் பார்த்திருந்தவன் மறுபக்கத்துத் திருகாணியில் கை வைத்தான்.

சக்கரம் மாற்றியதும் முற்றத்து சிமெண்டில் ஓட்டினான். நான் காலால் எத்திப் புரட்டினேன். அவன் ஒரு கை ரிமோட்டிலிருந்து எழும்பியது.

"விடாதலே!"

விடவில்லை. சக்கரம் தரையைக் கடித்தது. ரோபோ பின்னால் போய் வாளியில் மோதியது.

"கவுந்தா எல்லாம் மாறிப் போவும்லே. முன்ன போவணும்னா பின்ன இழு."

"இத மொதல்லயே சொல்லதுக்கு என்ன?" கட்டைவிரலைப் பின்னால் இழுத்தான். தலைகீழாக, தடதடவென்று, அது என் காலருகே வந்து நின்றது.

எனக்குள் ஒன்றும் அசையவில்லை. பார்த்துக்கொண்டு நின்றேன். அவனுடைய இரண்டு கையும் ரிமோட்டில் இருந்தன.

உள்ளே போய்ப் பானையைக் கழுவினேன். வெளியே வாளி மறுபடி இடிபட்டது.

"அக்கா, வந்து இன்னொருக்கா கவுத்து விடு."

பானையை நிமிர்த்தியே வைத்துவிட்டுப் போனேன்.